எந்த செட்டு?

மாவு அச்சை இரண்டு கையாலும் எடுத்து, காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொட்டுப் பார்ப்பது மாதிரி, வலது கன்னத்தில் ஒட்டி வைத்துக்கொள்கிறார் செட்டக்கா. கண் மூடியிருக்கிறது. உதடு மட்டும் ஏதோ எண்ணுகிறது.

"இன்னும் சூடு இருக்கு. செட்டாகல."

திரும்ப மேசையில் வைத்துவிடுகிறார். அச்சு எடுக்கும் வெள்ளை மாவு தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது தானாகவே சூடாகும். இறுகி முடிந்ததும் ஆறிவிடும். சுவரில் கடிகாரம் இருக்கிறது. நிமிடத்தைத் திருகி வைத்தால் கிணுகிணுவென்று அடிக்கும் சின்ன மணியும் மேசையில் இருக்கிறது. அக்கா இரண்டையும் ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. அவருக்குக் கன்னம்தான் கணக்கு. அதனால் காலை ஒன்பது மணிக்கு மேல் அவர் வலது கன்னத்தில் ஒரு வெள்ளைத் திட்டு வந்துவிடும். சாப்பிடும்போதும் இருக்கும், சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போதும் இருக்கும். எதிரில் வருகிறவர்கள் பவுடர் சரியாகப் பூசவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள்.

அக்காவுக்குத் தொழில், பல்செட் செய்வது. மோட்டார் ரிப்பேர் கடைக்கு மேலே மாடியில் இரண்டு அறை. பல் டாக்டர்கள் வாயில் அளவெடுத்து அனுப்புவார்கள். அதில் மாவு ஊற்றி அச்சு எடுப்பது, பாத்திரம் கழுவுவது, போன் எடுப்பது என் வேலை. மற்றதெல்லாம் அக்கா. மெழுகால் ஈறு கட்டி, அதில் ஒவ்வொரு பல்லாக நடுவார். அந்த மெழுகுப் பல்லை டாக்டர் ஆளின் வாயில் வைத்துப் பார்த்துச் சரி என்று சொன்னதும், மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, அந்த இடத்தில் ரோஸ் நிறப் பிளாஸ்டிக்கை நிரப்பி வேக வைப்பார். அதற்குப் பிறகுதான் அது கடிக்கிற பல். மெழுகில் இருக்கும்போது அது பார்க்கிற பல் மட்டும்தான். அக்காவின் வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிடுவேன், அவர் எல்லாவற்றையும் ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுப்பார்.

மாவு இறுகினால் "செட்டாயிடுச்சு". பல்லை மெழுகில் நடுவது "செட் பண்றது". வேலை முடிந்து பளபளவென்று வந்தால் "செட்டு". இவை தொழில் பேச்சு, சரி. ஆனால் அக்கா அதோடு விடுவதில்லை. புது ரவிக்கை தோளில் ஒழுங்காக உட்கார்ந்தால் செட். அடுப்பின் தீயைக் குறைத்தால் செட். நாத்தனார் மகளைப் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளை "தங்கமான பையன், ஆனா நம்ம புள்ளைக்கு செட்டாகாது". கீழே மோட்டார் கடையில் வேலை செய்கிற நாலு ஆண்களும் சத்தமாகச் சிரித்தால், "அந்த செட்டு வாயத் தொறந்தா மூடாது, நீ படியில நிக்காத."

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அக்கா என்னிடம் சொன்னது இது: "அந்த செட்டு செட்டாயிடுச்சான்னு பாத்து, அந்த செட்டோட செட்டா வச்சிடு."

நான் பத்து நிமிடம் நின்றேன். கேட்கக் கூச்சம். ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவள், இங்கிலீஷ் வார்த்தை என்றால் தெரியாதது என் குறைதான் என்று நினைத்துக்கொள்கிற பழக்கம். கடைசியில் கையில் கிடைத்ததை எடுத்துக் கிடைத்த இடத்தில் வைத்தேன். "கரெக்ட்டு" என்றார் அக்கா. எது கரெக்ட் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மாமாவுக்குத்தான் பொறுக்கவில்லை. அவர் முன்பு அச்சகத்தில் பிழை திருத்தியவர். கடை போர்டில் எழுத்துப் பிழை இருந்தால் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வருகிற ஆள்.

"ஏம்மா, ஒரே வார்த்தைய வச்சுக்கிட்டு எத்தன நாளைக்குக் குடும்பம் நடத்துவ? வேற வார்த்தைக்கு வாடகையா கேக்குறாங்க?"

"உங்களுக்குப் புரியுதுல்ல?"

"எனக்குப் புரியுது. இங்கிலீஷ்காரன் கேட்டா அழுவான்."

அதை நிரூபிக்க ஒரு நாள் பழைய புத்தகக் கடையிலிருந்து தலையணை கனத்துக்கு ஓர் ஆங்கில அகராதியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மேசையில் மாவைத் தள்ளிவிட்டு விரித்தார். "இந்தா பாரு, இந்த வார்த்தைக்கு அர்த்தம்..." என்று விரலை வைத்தார். விரல் கீழே போயிற்று. அடுத்த பத்தி. பக்கத்தைப் புரட்டினார். அங்கேயும் அதே வார்த்தை. இன்னொரு பக்கம் புரட்டினார். மாமாவின் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. எண்ண ஆரம்பித்து, நூறைத் தாண்டியதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

அக்கா மெழுகுக் கத்தியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "நூறுக்கு மேலயா? நான் ஒரு பன்னெண்டுதாங்க யூஸ் பண்றேன். மீதியெல்லாம் சும்மா கெடக்குதே!"

அன்றிலிருந்து வாரத்துக்கு ஒன்று. மாமா படித்துச் சொல்வார், அக்கா பிடித்துக்கொள்வார். டென்னிஸ் ஆட்டத்தில் ஒரு பகுதி செட். முடியைச் சுருட்டிப் படிய வைப்பது செட். சூரியன் மறைவதும் அதே வார்த்தைதான் என்று தெரிந்த நாள் அக்காவுக்கு வேலையே ஓடவில்லை. "மாவும் செட்டாகுது, சூரியனும் செட்டாகுதாம்! ஒண்ணு கெட்டியா உக்காருது, ஒண்ணு நழுவிப் போகுது. ரெண்டுக்கும் ஒரே பேரு! அடேயப்பா, இதக் கண்டுபிடிச்சவன் யாருங்க?" ஜன்னலுக்குப் போய் சூரியனை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தார். அப்போது மணி பன்னிரண்டு.

இன்னொரு வினோதமும் சொல்ல வேண்டும். அக்கா செய்து கொடுத்த பல் இந்த ஊரில் எத்தனையோ வாயில் இருக்கிறது. ஒரு முகத்தைக்கூட அவர் பார்த்ததில்லை. வாய் மாவாக வரும், பல்லாகத் திரும்பிப் போகும். அதனால் தெருவில் யார் சிரித்தாலும் நின்றுவிடுவார். ஒரு தடவை பஸ்ஸில் முன் சீட்டில் ஒரு பெரியவர் திரும்பிச் சிரித்தார். அக்கா என் விலாவில் இடித்த இடி இரண்டு நாள் வலித்தது. "நம்ம செட்டு! மூணாவது பல்லப் பாரு, லேசா சாச்சு நட்டிருக்கேன்ல. அதான் உண்மையான பல்லு மாதிரி இருக்கு." பெரியவர் இறங்கும்வரை கண்ணை எடுக்கவில்லை. அவர் பயந்துபோய் வாயை மூடிக்கொண்டார்.

முகம் தெரியாத அந்த வாய்களில், குரல் மட்டும் தெரிந்த வாய் ஒன்று வந்தது.

பேருந்து நிலையத்தில் மைக்கில் அறிவிக்கிற அம்மா. இருபது வருடமாக அந்தக் குரலைக் கேட்டுத்தான் இந்த ஊர் பஸ் ஏறுகிறது. ஈறு நோவு வந்து மேல் பல் முழுவதையும் எடுத்துவிட்டார்கள். மூன்று மாதமாக மைக் சும்மா இருக்கிறது, கண்டக்டர்கள்தான் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். அந்த அம்மாவின் அச்சு வந்தபோது அக்கா அதை மற்றவற்றோடு வைக்கவில்லை, ஜன்னல் ஓரமாகத் தனியாக வைத்தார். "வ-ன்னு சொல்லிப் பாரு" என்றார் என்னிடம். சொன்னேன். "மேல் பல்லு கீழ் உதட்டத் தொடுது பாத்தியா? அந்தம்மாவுக்கு இப்போ அது இல்ல. 'வண்டி வந்துகொண்டிருக்கிறது'ன்னு எப்படிச் சொல்லுவாங்க? வெறுங்காத்துதான் வரும்."

மெழுகில் நட்டு அனுப்பினார். டாக்டர் திருப்பி அனுப்பினார்: இடது கோரைப் பல் உதட்டில் இடிக்கிறது, கொஞ்சம் உள்ளே தள்ளவும். அக்கா தள்ளினார். அன்று சாயங்காலம் போன் வந்தது. கிளினிக்கில் கவுன்டரில் இருக்கிற பெண்.

"பஸ் ஸ்டாண்டு அம்மாவோட செட்டு நாளைக்குக் காலையில கண்டிப்பா வேணும். சொல்லிடுங்க."

"சரிங்க" என்றேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை. சீட்டில் எழுதினேன்: பஸ் ஸ்டாண்டு அம்மா. செட். நாளை காலை.

மறுநாள் எட்டரைக்கு மாமா கொண்டுபோய்க் கொடுத்தார். ஒன்பதே காலுக்குப் போன் அலறியது. நான் எடுத்தேன். எடுத்த வேகத்தில் அக்காவிடம் நீட்டினேன்.

"அக்கா, என்ன மெழுகை அனுப்பி வச்சிருக்கீங்க! நான் செட்டுல்ல கேட்டேன்?" அந்தப் பெண் பேசியது எனக்கு நின்ற இடத்திலேயே கேட்டது.

"செட்டுதானேம்மா அனுப்பினேன்?"

"இது செட் பண்ணதுக்கா! நான் கேட்டது செட்டு!"

"அதத்தான் நானும் சொல்றேன்..." என்ற அக்கா பாதியில் நிறுத்தினார். கன்னத்தின் வெள்ளைத் திட்டுக்குக் கீழே ரத்தம் ஏறுவது தெரிந்தது. அந்தப் பெண் படபடவென்று சொல்லிக்கொண்டே போனாள். பேருந்து நிலையத்தில் இனி மைக் கிடையாதாம், இயந்திரம்தான். இன்று நாலு மணிக்குக் குரல் பதிவு. ஒரு தடவை பதிந்த குரல்தான் இனிமேல் வருடக்கணக்கில் பேசும். அந்த அம்மா பல்லோடு வந்து பேசினால் அவர் குரல். இல்லையென்றால் வெளியிலிருந்து வந்திருக்கிற வேறொருவர் குரலை வைத்துவிடுவார்கள். "நாற்காலியில உக்காந்துக்கிட்டு இருக்காங்கக்கா. அழல. அழுதாலும் பரவால்ல, சும்மா உக்காந்திருக்காங்க. டாக்டர் மெழுகையே வச்சுப் பாத்தாரு. அளவு கச்சிதமா இருக்குதாம். அது ஒண்ணுதான் ஆறுதல்."

அக்கா போனை வைத்துவிட்டு என் சீட்டை எடுத்துப் பார்த்தார். என் காது கொதித்தது.

"அவ கேட்டது செட்டு. நீ எழுதினது செட்டு. நான் படிச்சது செட்டு. மூணு பேருமே சரி" என்றார். பிறகு சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். "தப்பு என்னோடது. இந்த வார்த்தைய இந்த மாடியில தீனி போட்டு வளத்தது நான்தான். அடுப்பப் பத்த வை. ஏங்க! போய் அந்த மெழுக எடுத்துக்கிட்டு வாங்க. சிக்னல்ல நிக்காதீங்க!"

"நிக்காம போனா எனக்கே பல்லு கட்ட வேண்டியிருக்கும்" என்றார் மாமா, படியில் பாதி இறங்கியபடி.

இதை ஒழுங்காகச் செய்ய ராத்திரி முழுக்க வேண்டும். எங்களிடம் ஆறு மணி நேரம் இருந்தது. மெழுகு ஒன்பது நாற்பதுக்கு வந்தது. அக்கா அதைப் பித்தளை டப்பாவில் வைத்து மேலும் கீழும் மாவு ஊற்றிப் புதைத்தார். கன்னம். காத்திருத்தல். மறுபடியும் கன்னம். பத்தே முக்காலுக்குக் கொதிநீரில் போட்டு, டப்பாவைப் பிளந்து, உருகிய மெழுகை வழித்துக் கழுவினோம். பல் பதினாலும் மாவில் தலைகீழாகப் பதிந்து நின்றன, ஈறு இருந்த இடம் வெறும் பள்ளம். ரோஸ் பொடியில் மருந்துத் தண்ணீரை ஊற்றிக் குழைத்தார். மூக்கைத் துளைக்கும் நெடி. விரலில் எடுத்து இழுத்தார், நூல் நூலாக வந்தது. "இன்னும் இல்ல." மறுபடி இழுத்தார், பட்டென்று அறுந்தது. "இப்போ!" பள்ளத்தில் அமுக்கி, டப்பாவை மூடி, இரும்புப் பிடியில் மாட்டி, மாமாவும் அவருமாக முறுக்கினார்கள்.

பதினொன்றே காலிலிருந்து ஒன்றரை மணி நேரம் மிதமான சூட்டில். பிறகு அரை மணி நேரம் தளதளவென்று கொதியில். அக்கா அடுப்பை விட்டு நகரவில்லை. சாப்பாட்டுப் பாத்திரத்தை நான் திறந்து நீட்டினேன். நின்றுகொண்டே இரண்டு வாய் சாப்பிட்டார்.

ஒன்றே காலுக்கு டப்பா வெளியே வந்தது. இனிமேல்தான் கண்டம். சூட்டோடு திறந்தால் பிளாஸ்டிக் வளைந்துவிடும், பிறகு எந்த வாயிலும் நிற்காது. தானாக ஆற வேண்டும்.

மாமா கடிகாரத்தைப் பார்த்தார். "பச்சத் தண்ணியில முக்கிடலாமா?"

"முக்கினா நீங்கதான் போய் மைக்குல பேசணும்."

"பேசுறேன். எனக்குப் பிழையில்லாம பேசத் தெரியும்."

"பஸ்ஸு எல்லாம் திரும்பிப் போயிடும்."

சிரித்தார்கள். ஆனால் அக்கா டப்பாவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மாமா போய் ஸ்கூட்டரை வாசல் பக்கம் திருப்பி நிறுத்திவிட்டு வந்தார். ஒன்றரை. ஒன்றே முக்கால். அக்கா குனிந்து பித்தளையிடம் கன்னத்தைக் கொண்டுபோவார், தொடாமல் ஓர் அங்குலத்தில் நிறுத்துவார், நிமிர்வார். இரண்டு மணிக்குத் தொட்டார். "ஸ்ஸ்" என்று பின்வாங்கினார். கன்னத்தில் சிவப்பாகக் கோடு. இரண்டு பத்துக்கு மறுபடி குனிந்தார். இந்தத் தடவை கன்னம் அப்படியே இருந்தது. கண் மூடியது.

"தொறக்கலாம்."

வளையவில்லை. மாவை உடைத்து எடுத்துத் தேய்த்து, மெருகு போட மோட்டாரில் பிடித்தார். மோட்டார் நாலு சுற்று சுற்றி, இருமி, நின்றுவிட்டது. இரண்டு நாற்பது.

அக்கா ஜன்னலில் எட்டிக் கீழே பார்த்தார். சொந்தக் கௌரவத்தை விழுங்குகிற முகம் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் பார்த்தேன். "தம்பிகளா! கொஞ்சம் மேல வாங்கப்பா! ஓடி வாங்க!"

வாயைத் திறந்தால் மூடாத அந்த செட்டு நாலு பேரும் ஒன்றாக ஏறி வந்தார்கள். ஒருவர் திறந்தார், ஒருவர் விளக்குப் பிடித்தார், ஒருவர் கரியைச் சுரண்டினார், நாலாமவர் மற்ற மூவருக்கும் யோசனை சொன்னார். ஐந்தே நிமிடம். மோட்டார் விர்ரென்று பாடியது. "செட்டாயிடுச்சுக்கா" என்றார் விளக்குப் பிடித்தவர். அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தார். அவர் எங்கிருந்து பிடித்தார் அந்த வார்த்தையை என்று கேட்பது மாதிரி.

மூன்று மணி ஐந்து நிமிடத்துக்கு ஈரப் பஞ்சில் சுற்றிய பல்லோடு ஸ்கூட்டர் கிளம்பியது. நாலரைக்குத்தான் மாமா திரும்பினார். அந்த அம்மா பல்லை வைத்ததும் டாக்டர் ஏதாவது பேசச் சொன்னாராம். ஒன்றும் பேசாமல் டாக்டர் கையை ஒரு தடவை அழுத்திவிட்டு, பையை எடுத்துக்கொண்டு ஓடினாராம். "அவ்வளவுதான் பாத்தேன்" என்றார் மாமா. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாரா, குரல் சரியாக வந்ததா, யாருக்கும் தெரியாது. கிளினிக்கில் கேட்டால் அவர்களுக்கும் தெரியவில்லை. புது இயந்திரம் திங்கட்கிழமைதான் பேச ஆரம்பிக்கும்.

இடையில் அக்கா ஒரு நாள் முழுவதும் அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருக்கப் பார்த்தார். மாமா காலையிலேயே கைகுலுக்கினார். அக்கா அச்சைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "இன்னும் அது... அது வந்து... உக்காரல" என்றார். பதினொரு மணிக்கு, "அந்த மெழுகு வேலைய அந்த... இதோட சேத்து... ஐயோ, வாய்ல பல்லு இல்லாத மாதிரி இருக்குடி!" என்று தலையில் கை வைத்தார். சாப்பாட்டு நேரத்துக்குள் விரதம் முடிந்துவிட்டது. ஒன்று மட்டும் மாறியது. போனுக்கு மேலே ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. அக்காவின் கோணல் கையெழுத்து, மாமா ஒரு பிழை திருத்தியிருக்கிறார்: 'எந்த செட்டு? மெழுகா, முழுசா?' போன் வந்தால் நான் அதைப் பார்த்து அப்படியே கேட்கிறேன். முதல் தடவை குரல் வரவில்லை. இப்போது வருகிறது.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு அக்கா திடீரென்று பையை எடுத்தார். "மார்க்கெட்டுக்குப் போயிட்டு வரலாம், வா." மார்க்கெட் இடது பக்கம். அக்கா வலது பக்கம் திரும்பினார். நானும் திரும்பினேன்.

பேருந்து நிலையத்தில் மூன்றாவது நடைமேடையில் நின்றோம். ஒரு பஸ் வந்தது, ஏறவில்லை. இன்னொன்று வந்தது. கண்டக்டர் எங்களைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டுப் போனார். ஸ்பீக்கர் கொரகொரவென்றது, நின்றது. அக்கா பையின் காதை முறுக்கினார், பிரித்தார், மறுபடி முறுக்கினார். மேலே ஏதோ ஒன்று டிங் என்று அடித்தது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. மூன்றாவது நடைமேடைக்கு வண்டி வந்துகொண்டிருக்கிறது."

இருபது வருடமாகக் கேட்ட குரல். ஒவ்வொரு 'வ'வும் உதட்டில் பட்டு முழுசாக வந்தது.

நான் அக்கா பக்கம் திரும்பினேன். பக்கத்தில் அவர் இல்லை. ஸ்பீக்கர் கட்டியிருந்த இரும்புக் கம்பத்துக்குப் போயிருந்தார். ஆட்கள் விலகி விலகிப் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர் பையைக் கீழே வைத்தார், கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்தார், வலது கன்னத்தை அதில் ஒட்டி வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.